பார்த்தது எது, சொன்னது எது?

இன்ஜினியரிங் படிச்ச யாரிடமும் 'செமினார்' என்று சொல்லிப் பாருங்கள். ஞாபகம் வருவது ஒரே காட்சியாகத்தான் இருக்கும். இருபது ஸ்லைடு, கடைசி ஸ்லைடில் ரோஜாப்பூ படத்தோடு 'தேங்க் யூ', 'எனி டவுட்ஸ்?' என்று ஒரு கேள்வி, அதுக்குப் பதிலா கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கொட்டாவி. ஸ்லைடு போன வருஷ சீனியர் பென்டிரைவில் கொடுத்தது. அவருக்கு அவரோட சீனியர் கொடுத்தது. வம்சாவழியா வர்ற சொத்து மாதிரி 'ப்ளூடூத் டெக்னாலஜி' பல பேட்ச்களைத் தாண்டி வந்திருக்கும்.

இதுக்கெல்லாம் ஆதாரமா ஒரு 'பேஸ் பேப்பர்' இணைக்கணும் என்பது விதி. ஐ ட்ரிபிள் ஈ பேப்பர் என்றால் மதிப்பு அதிகம். ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். ப்ராஜெக்ட் சென்டருக்குப் போனால் பேப்பரோட கோடும் சேர்த்தே கிடைக்கும். ஆனா அந்தப் பேப்பரைப் படிச்சியான்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. அது ஸ்பைரல் பைண்டிங்குக்குள்ள வைக்கிற பொருள், படிக்கிற பொருள் இல்லை.

எங்க பேட்சுக்கு மட்டும் இதில் ஒரு விதிவிலக்கு கிடைத்தது. மூன்றாம் ஆண்டில் செமினார் பாடத்தை ஒரு இளம் விரிவுரையாளர் எடுத்தார். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நாங்கள் பன்னிரண்டு பேர். வியாழக்கிழமை கடைசி இரண்டு பீரியட். முதல் நாளே சொல்லிட்டார்.

"ஸ்லைடு கிடையாது. வாரம் ஒரு பேப்பர். எல்லாரும் படிச்சிட்டு வரணும். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிட்டு வரணும். கையெழுத்துல."

"சார், ரெக்கார்டு எழுதியே கை வலிக்குது சார்."

"ரெக்கார்டு காப்பி அடிக்கிறதால வலிக்குது. இது யோசிச்சு எழுதுறது. வேற இடத்துல வலிக்கும்."

உண்மைதான். வேற இடத்துலதான் வலிச்சது.

படிக்கிறதுக்கு ஒரு வரிசை

ஆராய்ச்சிக் கட்டுரையைக் கதைப் புத்தகம் மாதிரி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கக் கூடாது என்பதுதான் அவர் முதல்ல சொல்லிக் கொடுத்தது. எஸ்.கேசவ் என்ற கணினி அறிவியல் பேராசிரியர் 2007-ல் இதுக்குன்னே இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்கார். எப்படிப் பேப்பர் படிக்கிறது என்பதைப் பற்றி ஒரு பேப்பர்! அதைத்தான் எங்களுக்கு முதல் வாரம் கொடுத்தார்.

கேசவ் சொல்றது மூன்று சுற்று. முதல் சுற்று ஐந்து முதல் பத்து நிமிஷம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை. இதிலேயே இந்தப் பேப்பர் நமக்கு வேணுமா வேணாமான்னு தெரிஞ்சிடும். இரண்டாவது சுற்று ஒரு மணி நேரம் வரைக்கும்: படங்களையும் வரைபடங்களையும் உத்துப் பார்க்கணும், கணித நிரூபணத்தில் சிக்கிக்காம தாண்டிப் போகணும். மூன்றாவது சுற்றுதான் பெரிசு. எழுதினவங்க செஞ்ச வேலையை நம்ம மனசுக்குள்ளேயே மறுபடி செஞ்சு பார்க்கணும். புதுசாப் படிக்கிறவங்களுக்கு நாலஞ்சு மணி நேரம் ஆகும்.

எங்க சார் இதோடு தன் பங்குக்கு ஒரு விஷயம் சேர்த்தார். ஒரு பக்கத்தை நாலா மடிக்கச் சொன்னார். நாலு கட்டம். முதல் கட்டத்தில் என்ன கேள்வி கேட்டாங்க. இரண்டாவதில் என்ன செஞ்சாங்க. மூன்றாவதில் என்ன பார்த்தாங்க. நாலாவதில் அதிலிருந்து என்ன சொல்றாங்க.

கேட்க எல்.கே.ஜி. சமாசாரம் மாதிரி இருக்குல்ல? எழுதிப் பாருங்க. மூணாவது கட்டத்துக்கும் நாலாவது கட்டத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த மடிப்புல எல்லாரும் வழுக்கி விழுவாங்க. 'இந்த முறை வேகமானது' என்பது பார்த்ததா, சொன்னதா? பார்த்தது, குறிப்பிட்ட ஒரு மெஷினில், குறிப்பிட்ட ஒரு டேட்டாவில், இவ்வளவு வினாடி குறைஞ்சது என்பது மட்டும்தான். 'வேகமானது' என்பது சொன்னது. சொன்னது சரியாவே இருக்கலாம். ஆனா இரண்டும் ஒன்று இல்லை.

பக்கத்தைத் திருப்பினா பின்னாடி ஒரே ஒரு கேள்வி: வேற எப்படியாவது இருக்கலாமா?

ஒரு பக்கக் கட்டுரை

அந்தப் பின்பக்கக் கேள்விக்கு அவர் எடுத்த உதாரணத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். சி.வி.ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் 'நேச்சர்' இதழுக்கு எழுதின கடிதம். கீழே 1928 பிப்ரவரி 16 என்று தேதி இருக்கும், அச்சில் வந்தது மார்ச் 31. கிருஷ்ணன் எங்க ஊர்ப்பக்கம், வத்திராயிருப்புக்காரர். அந்த ஊர் வழியா பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கேன். ஆனா அவர் எழுதின ஒரு வரியைக் கூட அதுவரைக்கும் பார்த்ததில்லை. நோபல் பரிசு வரைக்கும் போன விஷயம் ஒரு பக்கத்துக்குள்ள அடங்கியிருக்குன்னு தெரிஞ்சப்போ, பேப்பர்னா முப்பது பக்கம் இருக்கும்ங்கிற பயம் பாதி போச்சு.

விஷயம் இதுதான். சூரிய ஒளியை லென்ஸ் வெச்சுக் குவிச்சு, ஒரு வண்ண வடிகட்டி வழியா திரவத்துக்குள்ள விடுறாங்க. திரவத்தில் சிதறி வர்ற வெளிச்சத்தை இன்னொரு வடிகட்டி வழியா பார்க்கிறாங்க. முதல் வடிகட்டி விட்ட நிறத்தை இரண்டாவது வடிகட்டி தடுத்துடும். அதனால நியாயமா எதுவும் தெரியக் கூடாது. ஆனா தெரியுது. மங்கலா ஒரு ஒளித்தடம். அப்படின்னா உள்ளே போன நிறம் வேற, வெளியே வந்த நிறம் வேற. சுமார் அறுபது திரவங்களில் பார்த்திருக்காங்க. எல்லாத்திலும் தெரிஞ்சிருக்கு.

இங்க சார் நிறுத்திட்டு, "பின்பக்கம் திருப்புங்க" என்றார்.

வேற எப்படியாவது இருக்கலாமா? இருக்கலாம். ஃப்ளூரசன்ஸ். சில பொருள்கள் ஒரு நிற ஒளியை வாங்கிட்டு வேற நிறத்தில் ஒளிரும், அது அப்பவே எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. திரவத்தில் துளி அழுக்கு இருந்தாக் கூட அது ஒளிரலாம். "யோவ், இது பழைய விஷயம்தானே"ன்னு யாராவது கேட்டா?

கேட்கிறதுக்கு முன்னாடியே அவங்களே கேட்டுக்கிட்டாங்க. திரவத்தை வெற்றிடத்தில் திரும்பத் திரும்ப வாலை வடிச்சுச் சுத்தம் பண்ணியிருக்காங்க. அப்புறம் இரண்டு காரணம் சொல்றாங்க. ஒன்று, இந்த ஒளி வழக்கமான சிதறலோடு ஒப்பிட்டா ரொம்பப் பலவீனமா இருக்கு. இரண்டு, இது போலரைஸ் ஆகியிருக்கு. அதனால இது ஃப்ளூரசன்ஸ் இல்லை, உண்மையான சிதறல்தான். அவ்வளவு சின்னக் கடிதத்தில், இடம் இல்லாத இடத்தில், தன்னையே மறுத்துப் பார்க்கிறதுக்கு இடம் ஒதுக்கியிருக்காங்க.

"நல்ல பேப்பர் எதுன்னு கேட்டா, உங்க பின்பக்கத்தை அவங்களே எழுதியிருப்பாங்க" என்றார் சார். அன்னைக்கு மணி அடிச்சும் யாரும் எழுந்திருக்கலை. (நாலரை மணி காலேஜ் பஸ் போயிடும்னு அப்புறம்தான் ஞாபகம் வந்து ஓடினோம்.)

உளறல் பேப்பர்

இன்னொரு வாரம் ஒரு நெட்வொர்க்கிங் பேப்பர் கொடுத்தார். பார்க்கப் பிரமாதமா இருந்தது. இரண்டு பத்தி, வரைபடம், பெரிய பெரிய வார்த்தை. பாதி வகுப்பு மஞ்சள் பேனாவால் அடிக்கோடு போட்டு முடிச்சிருந்தது. ஒரே ஒரு பொண்ணு மட்டும் கையைத் தூக்கி, "சார், இரண்டாவது கட்டம் நிரப்பவே முடியலை. என்ன செஞ்சாங்கன்னே எழுத வரலை" என்றாள்.

சார் சிரிச்சிட்டார். அது சை-ஜென் என்ற நிரல் எழுதின பேப்பர். 2005-ல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூன்று பேர், வாய்க்கு வந்ததை இலக்கணச் சுத்தமா அடுக்கித் தர்ற ஒரு நிரலை எழுதினாங்க. அது தயாரிச்ச ஒரு கட்டுரையை ஒரு மாநாட்டுக்கு அனுப்ப, மதிப்பாய்வு செய்யாமலேயே ஏத்துக்கிட்டாங்க. சரி, விளையாட்டுன்னு விட்டுடலாம்னா, 2014-ல் ஸ்பிரிங்கரும் ஐ ட்ரிபிள் ஈ-யும் இப்படிப்பட்ட உளறல் கட்டுரைகள் 120-க்கும் மேல தங்களோட வெளியீடுகளிலிருந்து நீக்க வேண்டி வந்தது. நம்ம ஜெராக்ஸ் கடைக்காரர் மரியாதையோடு எடுத்துக் கொடுக்கிற அதே ஐ ட்ரிபிள் ஈ.

எங்கே அச்சானது என்பது ஒரு தகவல்தான், உத்தரவாதம் இல்லை. நாலு கட்டத்தை நிரப்ப முடியுதா என்பதுதான் சோதனை.

கடைசி வரைக்கும் படிக்கணும் என்பதுக்கும் ஒரு உதாரணம் கிடைச்சது. 1998-ல் பிரின்னும் பேஜும் எழுதின கூகுள் கட்டுரை. 2 கோடியே 40 லட்சம் பக்கங்களைத் தேடற இயந்திரத்தை எப்படிக் கட்டினோம்னு சொல்ற பேப்பர். எல்லாரும் பேஜ்ரேங்க் பகுதியைப் படிச்சிட்டு மூடி வெச்சிடுவாங்க. பின்னிணைப்பில் விளம்பரம் பற்றி ஒரு பகுதி இருக்கு. விளம்பர வருமானத்தில் ஓடுற தேடுபொறி, தேடுறவங்களை விட விளம்பரம் கொடுக்கிறவங்க பக்கம்தான் சாயும்னு அதில் எழுதியிருக்காங்க. எழுதின இரண்டே வருஷத்தில் கூகுள் ஆட்வேர்ட்ஸ் வந்துடுச்சு. :-)

தமிழில் எழுது

பாதி செமஸ்டர் தாண்டினதும் சார் ஒரு புது விதி போட்டார். முதல் வரைவைத் தமிழில் எழுதணும். எங்களுக்குள்ள ஒரே முணுமுணுப்பு. தமிழ் மீடியத்தில் படிச்சவங்களே "சார், டெக்னிக்கல் வார்த்தைக்கு எங்க போறது?" என்று கேட்டாங்க.

"டெக்னிக்கல் வார்த்தையை அப்படியே வெச்சுக்கோ. நடுவுல இருக்கிற வார்த்தையைத் தமிழ்ல எழுது."

அந்த நடுவுல இருக்கிற வார்த்தையில்தான் சூட்சுமம். இங்கிலீஷில் எழுதறப்போ பேப்பரில் இருக்கிற வாக்கியத்தையே இரண்டு வார்த்தை மாத்தி இறக்கிடலாம். புரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்லை. தமிழில் அது நடக்காது. 'எதை விட அதிகம்?' 'யாருக்குக் குறைஞ்சது?' 'எப்போ?' என்று வாக்கியமே நம்மைத் திரும்பிக் கேட்கும். எழுவாய் யாருன்னு தெரியாம தமிழில் வினைமுற்று போட முடியாது பாருங்க.

'நிரூபித்தது' என்று எழுதின ஒவ்வொரு இடத்திலும் சார் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் பக்கம் அம்மை போட்ட மாதிரி இருக்கும். மாத்தி எழுத வெப்பார். 'காட்டுகிறது', 'போலத் தெரிகிறது', 'இந்த நிலையில் இப்படி வந்தது'. ஒரு சொல்லுக்கு இவ்வளவு கெடுபிடியான்னு அப்போ எல்லாரும் புலம்பினாங்க.

லவங்கப்பட்டை

அந்தக் கெடுபிடி எதுக்குன்னு ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்குத் தெரிஞ்சது. அப்போ நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். அம்மா ரகசியக் குரலில் போன் பண்ணினாங்க. "அப்பா மூணு நாளா சுகர் மாத்திரை போடலைப்பா. பட்டைப் பொடியை வெந்நீர்ல கலக்கிக் குடிச்சிட்டு இருக்காரு. கேட்டா ஆராய்ச்சியிலயே வந்திருக்குங்கிறாரு."

அப்பாவுக்கு ஒன்பது வருஷமா சர்க்கரை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருக்காங்க: லவங்கப்பட்டை சர்க்கரையை 29 சதவீதம் குறைக்கிறதை விஞ்ஞானிகள் நிரூபிச்சுட்டாங்க, இனி மாத்திரை தேவையில்லை. கீழே ஒரு இணைப்பு வேற. அடுத்த நாள் காலையில் போன் பண்ணினேன்.

"ஏம்ப்பா, மாத்திரையை நிறுத்திட்டீங்களாமே?"

"உங்கம்மா சொல்லிட்டாளா? டேய், நாட்டு வைத்தியம்னு நான் சொல்லலை. வெள்ளைக்காரன் பத்திரிகையிலயே வந்திருக்கு. நீ படிச்சவன்தானே, படிச்சுப் பாரு."

வம்புச்சண்டை போடத் தோணுச்சு. ஆனா அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. படிச்சுப் பார்த்துட்டுத்தானே பேசணும்?

அந்த இணைப்பு பொய் இல்லை. நிஜமான கட்டுரை. 2003-ல் 'டயாபடீஸ் கேர்' இதழில் வந்தது, பாகிஸ்தானில் நடந்த ஆய்வு. ஒரு தாளை நாலா மடிச்சேன்.

கேள்வி: பட்டை சாப்பிட்டா டைப்-2 சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் குறையுமா? செஞ்சது: 60 பேர், ஆறு குழு. அதாவது குழுவுக்குப் பத்துப் பேர். மூணு குழுவுக்கு முறையே 1, 3, 6 கிராம் பட்டை, மீதி மூணு குழுவுக்கு வெறும் மாத்திரை. 40 நாள். பார்த்தது: பட்டை சாப்பிட்ட குழுக்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் குறைஞ்சிருக்கு. வாட்ஸ்அப் சொன்ன எண் சரிதான்.

ஆனா சுருக்கத்தைத் தாண்டி ஆய்வு முறைப் பகுதிக்குள்ள போனா, சாதாரணமா கண்ணில் படாத ஒரு தகவல் இருக்கு. அந்த நோயாளிகள் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க. ஆய்வு நடந்த காலத்தில் மாத்திரையை யாரும் மாத்தலை. மாத்திரையோடு சேர்த்துத்தான் பட்டை.

அங்கேயே வயித்தைப் பிசைஞ்சது. 'மாத்திரைக்குப் பதிலா' என்று அந்தப் பேப்பர் சோதிக்கவே இல்லை. அனுப்பினவர் நாலாவது கட்டத்தில் தானா எழுதிச் சேர்த்துக்கிட்டது அது.

பின்பக்கத்துக்காக இன்னும் கொஞ்சம் தேடினேன். 2012-ல் காக்ரேன் அமைப்பு இந்தப் பட்டை ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்து ஒரு மதிப்பாய்வு வெளியிட்டிருக்கு. பத்து ஆய்வுகள், மொத்தம் 577 பேர். பட்டையைச் சர்க்கரை நோய்க்குப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்பது அவங்க முடிவு.

ஒரு பக்கம் தமிழில், கையெழுத்தில் எழுதி, போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். 'நம்பாதீங்க' என்று எங்கேயும் எழுதலை. 'நிரூபித்தது' என்றும் எழுதலை. சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"குழுவுக்குப் பத்தே பேர்தானாடா?"

"ஆமாப்பா."

"நாப்பது நாளைக்கு அப்புறம் என்னாச்சு?"

"20 நாள் பட்டையை நிறுத்திட்டுப் பார்த்திருக்காங்க. அதோட முடிஞ்சது. வருஷக்கணக்குல என்ன ஆகும்னு அதுல இல்லை."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப பட்டை பொய்யா?"

"பொய்னு நான் சொல்லலைப்பா. மாத்திரைக்குப் பதில்னு அவங்களும் சொல்லலை. அந்த 60 பேரும் மாத்திரையை நிறுத்தவே இல்லை."

"இதை அந்தப் பய போடவே இல்லையே" என்றார். மறுநாள் டாக்டரைப் பார்த்துட்டு மாத்திரையைத் தொடர்ந்துட்டார். அம்மா வாங்கி வெச்ச அரைக் கிலோ பட்டை பல மாசம் பிரியாணிக்கு ஆச்சு.

எங்க வகுப்பில் பன்னிரண்டு பேரும் சேர்ந்து கேட்காத கேள்வியை எட்டாவது படிச்ச எங்கப்பா இரண்டே நிமிஷத்தில் கேட்டார். அவருக்கு அறிவு குறைச்சலா இருந்ததால அந்த மெசேஜை நம்பலை. கேள்வி கேட்கிறதுக்குத் தேவையான விவரத்தை அவருக்கு யாரும் கொடுக்கலை, அவ்வளவுதான். 'விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள்' என்ற வாக்கியத்தில் கேள்வி நுழைய ஒரு சந்து கூட கிடையாது. 'பத்துப் பேர், நாற்பது நாள், மாத்திரையோடு சேர்த்து' என்று எழுதினா யார் வேணும்னாலும் உள்ள வரலாம்.

இப்போ ஒரு பேப்பரைக் கொடுத்தா ஏ.ஐ. ஒரு நிமிஷத்தில் சுருக்கிக் கொடுத்துடும். ஆபீஸில் நானும் பயன்படுத்துறேன். நல்லாவே சுருக்குது. ஆனா சார் எங்களிடம் கேட்டது சுருக்கம் இல்லைன்னு இப்போ தோணுது. எந்தக் கட்டத்தில் பேனா நிக்குதுன்னு பார்க்கத்தான் அந்தப் பக்கம். பேனா நம்ம கையில் இருந்தாத்தானே அது நிக்கும்?

தமிழில் எழுதுற நம்ம மக்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 'ஆய்வு சொல்கிறது' என்று அடுத்த தடவை எழுதறப்போ, எத்தனை பேர், எத்தனை நாள், எதோடு ஒப்பிட்டு என்று ஒரு வரி சேர்த்துடுங்க. மனுஷங்களா எலிகளா என்பதையும் சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும். பதிவு அரை இன்ச் நீளும். வாசிக்கிற யாரோ ஒருத்தரோட அப்பாவுக்கு அந்த அரை இன்ச் தேவைப்படலாம்.